உழவர் இசிதோர்: கலப்பை பிடித்த புனிதர்

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மேற்கே சென்று கரடியனாற்றை அடைபவர், மே மாத நடுப்பகுதியில் அங்குள்ள வட்டைகளில் சிறுபோகத்து இளம் பச்சையைக் காண்பார். மாரி வேளாண்மையை வெட்டிச் சூடடித்து முடித்த கையோடு, உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்களின் தண்ணீரை நம்பிப் படுவான்கரை மக்கள் மீண்டும் விதைத்த நிலங்கள் அவை. அந்த மே மாதத்தின் 15ஆம் திகதியன்றே திருச்சபை உழவர் இசிதோரின் திருநாளைக் கொண்டாடுகிறது. அந்தோனியாரை நாம் அறிவோம், செபஸ்தியாரை அறிவோம், சவேரியாரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வேளாண்மையால் வாழும் நமக்கு, வேளாண்மை செய்தே புனிதரான ஒருவரைத் தெரியாமல் இருப்பது சற்று விந்தையாகவே இருக்கிறது.

அவர் குருவானவர் அல்லர். துறவியும் அல்லர். மறைசாட்சியாக இரத்தம் சிந்தியவரும் அல்லர். மனைவியும் மகனும் உள்ள ஒரு கூலி உழவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது மரபு. முன்னைய நாட்களில் நம் பகுதியில் போடியாரின் வயலைச் செய்து கொடுத்து, விளைச்சலில் தமக்குரிய பங்கை வாங்கிக்கொண்டு போன முல்லைக்காரரை நினைத்துக்கொண்டால், இசிதோரின் நிலை நமக்கு எளிதாக விளங்கும்.

அவர் பிறந்த ஊர் ஸ்பெயின் நாட்டின் மட்ரிட். இன்று அது ஒரு தலைநகரம். 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ மதிலால் சூழப்பட்ட ஒரு சிற்றூர். நெடுங்காலம் இஸ்லாமிய மன்னரின் ஆட்சியிலிருந்த அவ்வூர், 1080களில்தான் காஸ்தில் நாட்டு அரசன் 6ஆம் அல்போன்சோவின் கைக்கு வந்தது. அந்த ஆட்சி மாற்றத்தை அடுத்த ஆண்டுகளில் வளர்ந்தவர் இசிதோர். செவில் நகரின் ஆயராகவும் பேரறிஞராகவும் விளங்கிய மற்றோர் இசிதோரின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். நூல்கள் பல எழுதிய மேதையின் பெயர், ஏடு தொட்டறியாத ஏழைக்கு வாய்த்தது.

அவருடைய வாழ்க்கையை முதன்முதலில் எழுதி வைத்தவர் யோவான் என்னும் ஒரு தியாக்கோன். 1275ஆம் ஆண்டளவில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அந்த ஏடு, இசிதோர் இறந்து ஒரு நூற்றாண்டு அல்லது அதற்கும் மேல் கழிந்த பின்னர் எழுந்தது. ஆகவே நடந்தது எது, பக்தர்களின் நாவில் வளர்ந்தது எது என்று கோடு கிழித்துப் பிரிப்பது எளிதன்று. அந்த ஏட்டில் இல்லாத சில கதைகளும் பின்னாளில் சேர்ந்துகொண்டன. ஆயினும் ஓர் ஊர் மக்கள் தங்களில் ஒருவரைப் பற்றி எதை மறவாமல் சொல்லி வந்தார்கள் என்பதே பெரிய சான்று. அவர்கள் இசிதோரைப் பற்றி மறவாமல் சொன்னவை கலப்பை, எருது, சாக்கு, கறிச்சட்டி, கிணறு ஆகியவை பற்றிய கதைகள்.

1110ஆம் ஆண்டளவில் வட ஆபிரிக்காவிலிருந்து எழுந்த அல்மொராவித் படைகள் மட்ரிட்டைத் தாக்கின. வயலை விட்டு, வீட்டை விட்டு மக்கள் ஓடினர். இசிதோரும் ஓடினார் என்றும், வடக்கேயுள்ள தொரெலகூனா என்ற ஊரில் தஞ்சமடைந்து அங்கே பிறர் நிலத்தில் வேலை செய்தார் என்றும் மரபு கூறும். இந்த இடத்தை வாசிக்கும் படுவான்கரைக் குடும்பத்தவர் சற்று நிற்கவே செய்வர். 2007ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், மாட்டை அவிழ்த்து விட்டு, மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களுக்குப் போனவர்கள் அவர்கள். வேளாண்மையை நிலத்தில் விட்டுவிட்டு ஓடுவது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து பற்றை வெட்டி, உடைந்த வரம்பைக் கட்டி, மீண்டும் முதல் விதை எறிவது எப்படியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அகதியாய்ச் சென்ற இடத்திலேதான் இசிதோருக்கு மரியா என்ற பெண் மனைவியாக வாய்த்தார். அவரும் உழைக்கும் குடும்பத்தவரே. பிற்பாடு இருவரும் மட்ரிட்டுக்குத் திரும்பினர். அங்கே வார்காஸ் என்ற நிலக்கிழார் குடும்பத்தின் நிலங்களை உழும் வேலை இசிதோருக்குக் கிடைத்தது. அந்த வேலையிலேயே அவருடைய எஞ்சிய நாட்கள் கழிந்தன. சொந்தமாக ஒரு சாண் நிலமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அதிகாலையில் கோவில்களைச் சந்தித்து, திருப்பலி கண்டு, அதன் பின்பே அவர் வயலுக்குப் போவார். உடன் வேலை செய்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நாமெல்லாம் விடியமுன் ஏர் பூட்டுகிறோம், இவரோ கோவில் கோவிலாகத் திரிந்துவிட்டு வெயில் ஏறிய பின் வருகிறார் என்று எசமானிடம் கோள் சொன்னார்கள். எசமானுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபந்தான் என்பேன். கூலி கொடுப்பவன் வேலையை எதிர்பார்ப்பது குற்றமாகாது. இசிதோரும் அப்படியே எண்ணினார் போலும். அவர் தம் பக்தியைக் காட்டி வாதாடவில்லை. அயலவரைக் கொண்டு விளைச்சலை மதிப்பிட்டுப் பாருங்கள், என்னால் ஏதேனும் குறைந்திருந்தால் என் பங்கிலிருந்து அதை ஈடு செய்கிறேன் என்றே பணிவோடு சொன்னார். செபிக்கிறவனுக்குக் கணக்கிலே சலுகை உண்டு என்று அவர் எண்ணவில்லை.

எசமான் ஒரு நாள் மறைந்திருந்து பார்த்தார். இசிதோர் பிந்தித்தான் வந்தார். கோபத்தோடு அவரை நோக்கி நடந்த எசமான், வயலைப் பார்த்ததும் திகைத்து நின்றார். இசிதோரின் ஏருக்கு இரு பக்கத்திலும் வெள்ளை எருதுகள் பூட்டிய வேறு இரண்டு ஏர்கள் உழுதுகொண்டிருந்தன. நெருங்கிப் போனபோது இசிதோர் மட்டுமே தென்பட்டார். உனக்கு உதவியவர் யார் என்று கேட்டதற்கு, கடவுளைத் தவிர வேறெவரையும் தாம் உதவிக்கு அழைக்கவில்லை, காணவுமில்லை என்று இசிதோர் பதிலளித்தாராம்.

இந்தக் காட்சியைத் தீட்டிய ஓவியர் பலர். அவர்களுடைய படங்களில் இசிதோர் ஓரமாக முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருப்பார்; வானதூதர் ஒருவர், நம் பாட்டிமார் மொழியில் சொன்னால் சம்மனசு ஒருவர், அவருக்குப் பதிலாக ஏர் ஓட்டுவார். அழகான படந்தான். ஆனால் பழைய ஏடு சொல்வது அதுவன்று. ஏட்டின்படி இசிதோரின் கை கலப்பை மேழியில் இருந்தது. அவருடைய ஏரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உதவி அதன் பக்கத்தில் வந்தது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, செபம் செய்தால் வயல் தானே உழப்படும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. கரடியனாற்றில் அப்படிச் சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள். உழவு மெசினுக்கு டீசல் ஊற்றுவது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கதை குளிர்காலத்தில் நடந்தது. தானியச் சாக்கைக் கழுதை மேல் ஏற்றி ஆலைக்குப் போகும் வழியில், பனி மூடிய மரங்களில் காட்டுப் புறாக்கள் இரையின்றி ஒடுங்கியிருப்பதை இசிதோர் கண்டார். நிலத்தில் கிடந்த பனியைக் காலாலும் கையாலும் விலக்கி, சாக்கை அவிழ்த்துத் தானியத்தைத் தாராளமாகக் கொட்டினார். கூட வந்தவர்கள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று எள்ளினர். ஆலையை அடைந்தபோதோ சாக்கு குறையாமல் இருந்தது. அரைத்த மாவும் வழமையை விட மிகுந்து வந்தது.

கேட்க இனிமையான கதை. ஆனால் வேளாண்மை செய்பவர்களிடம் இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கலாகாது. 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை வெள்ளம் மூடியபோது, குடலை தள்ளியும் கதிர் முற்றியும் நின்ற நெல் தண்ணீருக்குள் அழுகியது. கடன் வாங்கிப் பசளை எறிந்தவனும், நகையை அடகு வைத்து விதைத்தவனும், குருவிக்கும் பிச்சைக்காரனுக்கும் முகம் சுளிக்காமல் கொடுத்தவனும் எல்லாருமே இழந்தார்கள். அந்த ஆண்டு எவருடைய சாக்கும் தானாக நிரம்பவில்லை. கொடுத்தவனுக்குக் குறையாது என்பதை வியாபாரக் கணக்காக எடுத்துக்கொண்டால், அது இத்தகைய ஆண்டுகளில் உடைந்துபோகும். புறாக்களுக்குக் கொட்டியபோது சாக்கு நிரம்பும் என்று இசிதோருக்குத் தெரியாது. பறவைகள் பசித்திருந்தன, அவரிடம் தானியம் இருந்தது. அவ்வளவுதான் அந்த நேரத்தில் அவர் அறிந்திருந்தது. கதையில் என்னைத் தொடுவது ஆலையில் நடந்ததை விட, மரத்தடியில் நடந்ததே.

அதைவிடவும் என் மனத்துக்கு நெருக்கமானது கறிச்சட்டிக் கதை. இதில் மரியா அம்மையாரும் வருகிறார். ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல வீட்டில் இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குப் பகிர்ந்தாயிற்று. சட்டி காலி. அந்த நேரம் பார்த்து இன்னுமோர் ஏழை வாசலில் வந்து நின்றான். கொடுக்க ஒன்றுமில்லாததைக் காணச் சகியாத இசிதோர், மிச்சம் ஏதாவது இருந்தால் அவனுக்குக் கொடு என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார். சட்டியைக் கழுவிக் கவிழ்க்கிறவள் மனைவி. அதில் ஒன்றுமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரன் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, இல்லாததையும் கொடு என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் சினம் வராது? மரியா அம்மையார் வாதாடவில்லை. சட்டி காலியாக இருப்பதைக் கணவருக்குக் காட்டவாவது அதை எடுத்து வருவோம் என்று போனார். போய்ப் பார்த்தால் சட்டி நிறைய உணவு. வாயடைத்து நின்ற அவர், அந்த ஏழைக்கு வயிறார இட்டு அனுப்பினார்.

கணவருக்குக் கொடை என்ற பெயர் கிடைக்கிறது. அதற்காக அரிசியை அளந்து அளந்து சமைப்பவள் மனைவி. நம் வீடுகளிலும் அப்படித்தான். சூடடித்த கையோடு கோவிலுக்கு ஒரு மூட்டை நெல், விதைப்புக்குக் கைமாற்றாகக் கேட்ட அயலவனுக்கு ஒரு மூட்டை, இளையவளின் வீட்டுக்கு ஒரு மூட்டை என்று வீட்டுத் தலைவர் சொல்லிக்கொண்டே போவார். அடுத்த வெட்டு வரைக்கும் எத்தனை மூட்டை வேண்டும் என்ற கணக்கு அடுப்படியில் நிற்பவளின் தலைக்குள் ஓடும். இசிதோரின் அறப்பணி முழுவதிலும் பாதிப் பங்கு மரியாவுடையது. திருச்சபையும் அதைக் காணாமல் விடவில்லை; அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகன். அவன் குழந்தையாய் இருந்தபோது, தாயின் கையிலிருந்து நழுவி ஆழமான கிணற்றுக்குள் விழுந்தான் என்பது பிற்கால மரபு. பெற்றோர் கிணற்றடிக்கு ஓடினர். கயிறு எட்டவில்லை, கை எட்டவில்லை. இருவரும் முழந்தாளிட்டனர். கிணற்று நீர் மெல்ல மெல்ல மேலே ஏறி விளிம்பு வரை வந்தது. குழந்தை நீரின் மேல் மிதந்து உயிரோடு வந்தது. வார்காஸ் குடும்பத்தின் வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், புனித அந்திரேயா ஆலயத்துக்கு அருகே, இன்று ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. அதற்குள் ஒரு கிணற்றைக் காட்டி, இதுதான் அது என்று சொல்கிறார்கள். அதுதானா என்று ஆராய்வது நமக்கு அவசியமில்லை. வளவுக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நம் விவசாயக் கிராமங்களிலும் உண்டு. வயலில் வேலை செய்யும் தாய், வரம்பில் விளையாடும் குழந்தையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் களை பிடுங்குகிறாள். அந்த அச்சத்தை அறிந்த ஒரு தகப்பனும் தாயும் புனிதர்களின் வரிசையில் இருக்கிறார்கள் என்பது ஆறுதலுக்குரியது. கட்டில்லாத கிணற்றுக்குக் கட்டு எழுப்ப வேண்டியதும் நம் கடமைதான்.

மகன் பிழைத்த நன்றிக்காக, அதன் பின் கணவனும் மனைவியும் விரதம் பூண்டு வேறு வேறு இடங்களில் வாழ்ந்தனர் என்று மரபு தொடர்கிறது. மரியா அம்மையார் ஹராமா ஆற்றுக்கு அப்பால் இருந்த மாதா சிற்றாலயம் ஒன்றைப் பெருக்கி மெழுகி, விளக்கேற்றிப் பராமரித்து வந்தார். தனியாக வாழும் பெண்ணை ஊர் சும்மா விடுமா? அங்குள்ள இடையரோடு அவரைத் தொடர்புபடுத்தி ஒரு கதை கட்டினார்கள். அந்தக் கதை இசிதோரின் காதுக்கும் கொண்டுவரப்பட்டது. அவர் நம்பவில்லை என்றே சொல்வர். ஆயினும் ஆற்றங்கரைக்குச் சென்று மறைவாக நின்றார். ஆறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் விளக்கேற்ற வந்த மரியா அம்மையார், சிலுவை அடையாளம் வரைந்து, தம் மேலங்கியை நீரின் மேல் விரித்து, அதன் மேல் ஏறி நின்று அக்கரை சேர்ந்தாராம்.

நம்பவில்லை என்றால் ஏன் மறைந்து நின்று பார்த்தார் என்று எவரும் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஊர்ப்பேச்சு அப்படித்தான், நல்லவன் மனத்திலும் ஒரு முள்ளைத் தைத்துவிடும். எசமான் இசிதோரை மறைந்திருந்து பார்த்தார். இசிதோர் மனைவியை மறைந்திருந்து பார்த்தார். கோள் சொன்னவர்களின் பெயர் இரண்டு கதையிலும் நமக்குக் கிடைக்கவில்லை. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலைக்குப் போன மனைவியைப் பற்றியும், கொழும்பில் கூலி வேலைக்குப் போன கணவனைப் பற்றியும் தேநீர்க் கடையில் பேசப்படும் பேச்சால் எத்தனை குடும்பங்கள் குலைந்தன என்பது பங்குக் குருக்களுக்குத் தெரியும்.

ஓநாய்க் கதை ஒன்றும் பழைய ஏட்டில் உண்டு. ஒரு திருநாளன்று இசிதோர் ஆலயத்தில் செபித்துக்கொண்டிருக்கையில், சிறுவர் ஓடிவந்து அவருடைய கழுதையை ஓநாய் துரத்துகிறது என்றனர். அவர் எழுந்திருக்கவில்லை; கடவுள் சித்தம் ஆகட்டும் என்று சொல்லிச் செபத்தை முடித்தே வெளியே வந்தார். ஓநாய் செத்துக் கிடந்தது. கழுதைக்கு ஒரு கீறலுமில்லை. யானை வேளாண்மைக்குள் இறங்கும் இரவில் பரணில் காவலிருப்பவனிடம், நீ இறங்காதே, செபமாலையைச் சொல்லி முடி என்று நான் சொல்ல மாட்டேன். புனிதர்கள் செய்த எல்லாவற்றையும் நாமும் செய்ய வேண்டுமென்பதில்லை.

அவர் இறந்த ஆண்டைப் பற்றி நூல்கள் ஒன்றுபடவில்லை. 1130 என்பாரும் உளர்; 1172 என்பாரும் உளர். ஏழைகளோடு ஏழையாகப் புனித அந்திரேயா ஆலயத்துச் சேமக்காலையில் வெறும் மண்ணில் புதைத்தார்கள். மழைநீர் அந்தக் குழியின் மேலாகவே ஓடியது. 40 ஆண்டுகளுக்குப் பின் தோண்டி எடுத்தபோது உடல் அழியாதிருக்கக் கண்டு, ஆலயத்துக்குள் கொண்டுபோய் வைத்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் மட்ரிட் மக்கள் அவரிடம் ஓடினர்.

அரசரும் ஓடினார். 1619ஆம் ஆண்டில் ஸ்பெயின் மன்னர் 3ஆம் பிலிப்பு நோயுற்று வழியில் படுத்தபோது, இந்தக் கூலிக்காரரின் உடலை ஊர்வலமாக அவருடைய படுக்கைக்குக் கொண்டுசென்றார்கள், மன்னர் தேறினார். அதே ஆண்டில் பாப்பரசர் 5ஆம் சின்னப்பர் இசிதோருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1622 மார்ச் 12ஆம் திகதி பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று அவரோடு புனிதர் பட்டம் பெற்றவர்கள் யார் யார் தெரியுமா? இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், அவிலா தெரேசம்மாள், பிலிப்பு நேரியார். சபை நிறுவியவர், கடல் கடந்து மறை பரப்பியவர், ஞான நூல்கள் எழுதியவர், உரோமையின் திருத்தூதர் எனப்பட்டவர் ஆகியோரின் நடுவே வரப்பில் நின்ற ஓர் உழவர். நால்வர் ஸ்பானியர் என்பதால் உரோமை நகரத்தார் கேலி பேசினராம். அவர்களுக்குத் தம் நேரியார் மட்டுமே புனிதராகத் தெரிந்தார்.

ஸ்பானியர் சென்ற இடமெல்லாம் இசிதோரும் சென்றார். பிலிப்பைன்ஸ் நாட்டில் புலிலான் என்ற ஊரில், அவருடைய திருநாளை ஒட்டி விவசாயிகள் தம் எருமைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்துக் கோவில் முன்றலுக்கு ஓட்டி வருவர். பழக்கிய எருமைகள் அங்கே முழங்காலை மடக்கி நிற்கும். லுக்பான் ஊரிலோ நெல்லாலும் மரக்கறியாலும் வீட்டு முகப்புகளைச் சோடிப்பார்கள். எருமைகளை விட்டு வயல் மிதிப்பித்த நம் பாட்டன்மார் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். 1960ஆம் ஆண்டில் பாப்பரசர் 23ஆம் அருளப்பர், ஸ்பெயின் நாட்டு விவசாயிகளின் பாதுகாவலராக அவரை அறிவித்தார். தாமே உழவர் குடும்பத்தில் பிறந்த பாப்பரசர் அவர்.

மரியா அம்மையாரைப் பற்றிப் பின்னர் சொல்வதாகக் கூறினேன். கணவருக்குப் பின்னும் சில காலம் வாழ்ந்து இறந்த அவரை, அவர் விளக்கேற்றிய சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய தலையைத் தனியே பேழையில் வைத்து, மழை வேண்டிச் சுற்றுப்பிரகாரம் எடுத்தபடியால், தலையின் மரியா என்றே ஸ்பானிய மொழியில் அவருக்குப் பெயர் நிலைத்தது. 1697ஆம் ஆண்டில் பாப்பரசர் 12ஆம் இன்னோசென்ட் அவருடைய வணக்கத்தை அங்கீகரித்தார். உழவர் குடும்பமொன்றில் கணவனும் மனைவியும் பீடத்தில் ஏறினர்.

1767இல் ஸ்பெயினிலிருந்து இயேசு சபையார் வெளியேற்றப்பட்டபோது, மட்ரிட்டின் தொலேதோ வீதியிலுள்ள அவர்களுடைய பெரிய ஆலயம் வெறுமையாயிற்று. 1769இல் இசிதோரின் உடலை அங்கே கொண்டுவந்து, ஆலயத்துக்கும் அவருடைய பெயரையே இட்டனர். மரியா அம்மையாரின் எலும்புகளும் அங்கேயே வைக்கப்பட்டன. ஆற்றின் இரு பக்கத்தில் வாழ்ந்து முடித்த இருவரும் இப்போது அந்த ஆலயத்தின் பெரிய பீடத்தில் ஒன்றாக இருக்கின்றனர். மே 15ஆம் திகதி மட்ரிட் மக்கள் ஆற்றுக்கு அக்கரையில், இசிதோர் ஏர் ஓட்டியதாகச் சொல்லப்படும் மேட்டுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், அவர் தோண்டியதாக நம்பும் ஊற்றில் தண்ணீர் குடித்து, புல்லில் பாய் விரித்திருந்து சாப்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள்.